சாட்சித் திட்டில் புல்

இந்தப் போலீஸ் கச்சேரிக் கிணற்றைப் பத்து முழம் வடக்கே தள்ளி வெட்டியிருந்தால் தண்ணீர் இவ்வளவு சவர்ப்பாக இருந்திருக்காது, ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏட்டையா கொடுத்த தண்ணீரைக் குடித்ததும் தோன்றியது, சொன்னேன். முப்பது வருஷமாக மண்ணோடும் தண்ணீரோடும் பழகிய நாக்கு சும்மா இருக்காது.

பேர் சின்னக்கருப்பன். குடியிருப்பு காரைக்குடியில் செக்காலைப் பக்கம், வேலை இருக்கிற ஊரில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்குவோம். தொழில் ஊருணி வெட்டுவது, கரை கட்டுவது, பழைய கண்மாய்களுக்கு மடை சரி செய்வது. என் கையில் நாற்பது ஆள் கூட்டம் உண்டு. கானாடுகாத்தானில் நகரத்தார் தருமத்துக்கு வெட்டின ஊருணிகளில் இரண்டு என் வேலை. எந்தச் சித்திரையிலும் அவை வற்றியதில்லை. நான் கட்டிய கரை உடைந்தது என்று ஒருவர் வந்து சொல்லட்டும், என் காதை அறுத்துத் தருகிறேன்.

ஆலங்கரைப்பட்டியில் போன மாதம் நடந்ததை விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்களாம். ஊருணி வெட்டியவனின் கவனக்குறைவு என்று அதில் ஒரு வரி இருப்பதாகவும் கேள்வி. அந்த வரியைத் திருத்தத்தான் நடந்து வந்தேன். அந்த வேலையில் கவனக்குறைவு எதுவும் இல்லை. ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

முதலில் சாட்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. குளம் வெட்டும்போது எல்லா மண்ணையும் எடுத்துவிடுவதில்லை. நான்கு இடத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குப் பழைய தரையை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் வெட்டிக்கொண்டு இறங்குவோம். வேலை முடியும்போது குழிக்குள் நான்கு மண் திட்டுகள் தூண் மாதிரி நிற்கும். அவற்றின் தலைதான் பழைய தரைமட்டம். தலையிலிருந்து அடிவரை கோல் வைத்தால் எத்தனை முழம் வெட்டினோம் என்று தெரிந்துவிடும். வெட்டச் சொன்னவர் வந்து அளந்து, வெட்டு என்று வாயால் சொன்ன பிறகுதான் சாட்சியில் மண்வெட்டி படலாம். அதற்கு முன்னால் தொட்ட கூட்டத்தை அடுத்த ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இதிலும் திருட்டு உண்டு. சில பேர் சாட்சியின் தலையில் ஒரு சாண் மண்ணை வைத்து மிதித்து, மேலே புல் பத்தையைப் பதித்துவிடுவார்கள். ஒரு சாண் கூடுதலாக வெட்டினது போலத் தெரியும். சாட்சிக்குத் தலைப்பாகை கட்டுவது என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். ஆனால் ஆலங்கரைப்பட்டி ஊர்ப் பெரியவர் உடையப்ப அம்பலத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது. அவர் அளக்க வந்தால் ஒரு கையில் கோல் இருக்கும், மறு கையில் தண்ணீர்ச் செம்பு இருக்கும். செம்பைச் சாட்சியின் தலையில் கவிழ்ப்பார். பழைய தரை தண்ணீரை மெல்லக் குடிக்கும். வைத்த மண் மடக்கென்று விழுங்கிவிட்டு ஓரத்தில் கோடு விடும். கோட்டைப் பார்த்ததும் காலால் ஓர் எத்து எத்துவார், தலைப்பாகை கீழே கிடக்கும். அதுவே கூட்டத்தின் மானத்தை வாங்கிவிடும்.

தில்லியில் சக்கரவர்த்திக்குத் தர்பார் நடந்த வருஷம், அவர் நிலத்தில், ஊருக்கு மேற்கே முதல் ஊருணியை வெட்டினோம். மாசியில் தொடங்கி, புரட்டாசிக் கடைசியில் ஒன்பது முழம் இறங்கியிருந்தோம். அளக்க வரச் சொல்லப் போனேன். அம்பலம் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். சிவகங்கைக் கோர்ட்டில் அவருக்கு ஒரு நிலத் தாவா.

"வாய்தாவுக்குப் போறேன் சின்னக்கருப்பா. ரெண்டு நாள்ல வந்துருவேன். அதுவரைக்கும் சாட்சியத் தொட்டுறாத."

"சரிங்க, போய்ட்டு வாங்க," என்றேன்.

ரெண்டு நாள் என்றவர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். தாவா தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததாம். நான்காம் நாளே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து, வரத்துக்காலில் செந்தண்ணீர் ஓடிவந்து குழி நிறைந்தது. நான்கு சாட்சிகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. வெட்டிவிடவா என்று கேட்க ஆள் இல்லை. கேட்காமல் வெட்டவும் வழி இல்லை.

எனக்கு ஒரே மகள், சோலையம்மாள். ஏழு வயது. ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி வளர்த்தாள். அது பால் மறந்து புல் கடிக்கத் தொடங்கியிருந்த சமயம். கோடையின் காய்ச்சலில் மேய்ச்சல் தரையெல்லாம் கருகிக் கிடந்தது, மழை பெய்தும் பச்சை ஏறவில்லை. கரையோரத்துச் சாட்சியின் தலையில் மட்டும் அருகம்புல் தளதளவென்று நின்றது. ஆட்கள் ஏறி இறங்கப் போட்ட பனஞ்சட்டம் ஒன்று கரைக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவே கிடந்தது. காலை வெயில் ஏறிய நேரம், குட்டியைக் கரையில் நிறுத்திவிட்டுச் சட்டத்தின் மேல் நடந்து போயிருக்கிறாள். புல்லைப் பிடித்து இழுத்திருக்கிறாள். திட்டின் தலை சரிந்து அவளையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. குட்டி கத்துகிற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடினோம்.

தூக்கிப் போட்டபோது ஒரு கை மூடியிருந்தது. என் பெண்சாதி காளியாயி விரல்களைப் பிரித்தாள். உள்ளே வேரோடும் மண்ணோடும் ஒரு பத்தை புல். வேரில் இருந்த மண்ணைப் பெருவிரலால் நசுக்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிறந்த ஊருக்குப் போனவள்தான், இன்றுவரை திரும்பவில்லை. துக்கம் சிலரை அப்படி ஆக்கிவிடும்.

அம்பலம் வண்டியிலிருந்து இறங்கி நேரே என் குடிசைக்கு வந்தார். ஊர் ஜனம் கூடியிருக்கும்போதே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் அளந்துட்டுப் போயிருக்கணும் சின்னக்கருப்பா. எந் தப்புதான். இனிமே உன் வேலைய நான் கோல் வச்சு அளக்க மாட்டேன். நீ சொல்றதுதான் அளவு."

பார்த்தீர்களா, ஐயா. அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது. நானாக யார் தலையிலும் பழியைத் தூக்கிப் போடவில்லை. இந்த இடத்தை ரைட்டர் கொட்டை எழுத்தில் எழுதினாலும் சரிதான்.

அந்த ஊருணிக்குச் சோலை ஊருணி என்று பேர் வைத்தார். பெரிய மனுஷர் வேலை செய்துவிட்டதாக ஊரே அவரை மெச்சியது. அப்புறம் ஆலங்கரைப்பட்டிப் பெண்கள் என் மகள் பேரை நாளுக்கு நூறு தடவை சொன்னார்கள். சோலை ஊருணியில் பாசி பிடித்திருக்கிறது என்பார்கள். சோலை ஊருணியில் மாடு இறங்கிவிட்டது என்று கத்துவார்கள். மராமத்து வேலைக்கு அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பன்னிரண்டு வருஷம் கேட்டேன். கும்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டேன். அந்த மனிதரை நான் வெறுத்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. சோற்றில் கை வைக்கும்போதும் வெறுத்தேன், சாமி முன்னால் நிற்கும்போதும் வெறுத்தேன். அவர் நல்லவர் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்கு மண்வெட்டி பிடிக்க ஓடாது.

அவருக்கும் ஒரே மகள்தான். புஷ்பவள்ளி. என் மகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் முதல் தாவணி போட்டபோது, சோலைக்கு நான் என்ன நிறத்தில் எடுத்திருப்பேன் என்று யோசித்தேன். அவளுக்கு வரன் அமைந்தபோது சோலைக்கும் ஒரு மாப்பிள்ளையை மனசுக்குள் பார்த்து வைத்தேன். போன மாசியில் அம்பலம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"தையில எம்மக கல்யாணம். சம்பந்திகாரவுக வண்டி வண்டியா வருவாக. ஊருக்குக் கெழக்கால இன்னொரு ஊருணி வேணும். நீ வெட்டுனாத்தேன் எனக்குத் திருப்தி."

"ஆகட்டுங்க. கார்த்திகையில தண்ணி கலுங்கு தொட்டுரும்," என்றேன்.

அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக் கொல்வதில் அர்த்தமில்லை. செத்தவருக்கு என்ன தெரியும்? அவர் இருக்க வேண்டும், என்னைப் போல இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று சொல்கிறேன். புது ஊருணி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியே போகிற கலுங்கில் வழிகிற அன்றைக்கு, வெட்டச் சொன்னவர் வீட்டுப் பெண் முதல் குடம் எடுக்க வேண்டும். ஓரத் தண்ணீர் ஆகாது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகக்க வேண்டும். அவள் கால் படுவதற்கு முன்னால் வேறு கால் படக்கூடாது. அதற்காகவே, படித்துறைக்கு நேரே நிற்கிற சாட்சியை மட்டும் முழுக்க வெட்டாமல், தலையில் இரண்டு முழம் மட்டும் சீவி மேடையாக விட்டுவிடுவோம். படியிலிருந்து இறங்கி மேடையில் நாலு எட்டு நடந்தால் இடுப்பளவுத் தண்ணீர். மேடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்பது முழ ஆழம். எங்கே கால் வைக்கலாம் என்று தடம் சொல்ல வேண்டியவன் வெட்டியவன். அவன் சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

நான் அந்தச் சாட்சியை, படியோர முனை தவிர, அடியோடு வெட்டி எடுத்தேன். பிளவு விட்டிருக்கிறது, புதிதாகக் கட்டப் போகிறேன் என்று ஆட்களிடம் சொன்னேன். முப்பது வருஷம் என்னோடு வேலை செய்தவர்கள், மறு கேள்வி கேட்கவில்லை. சலவைத் துறைப் பக்கம் இருக்கிற உவர்மண்ணை வண்டியில் கொண்டுவந்து அங்கே கொட்டி மேடையாக இடித்தேன். உவர்மண் காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும். தண்ணீரில் ஊறினால் கஞ்சியாகிவிடும். எத்தனை நாளில் ஆகும் என்று பெரிய தாழியில் மூன்று தடவை ஊற வைத்துப் பார்த்துக்கொண்டேன். மேலே இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண்ணும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்து பூசினேன். அந்தப் பூச்சு மட்டும் தரை போலவே நிற்கும். மேடையின் படியோர முனையை மட்டும் பழைய கெட்டியான செம்புறைத் தரையாகவே விட்டேன். முதல் இரண்டு எட்டுக்குக் கால் பதிய வேண்டுமே.

வேலை நடந்த நாட்களில் புஷ்பவள்ளி சில நாள் மோர் கொண்டுவருவாள். பெரிய வீட்டுப் பெண் என்ற எண்ணமே கிடையாது, ஆட்களுக்கெல்லாம் தன் கையாலேயே ஊற்றுவாள். ஒரு நாள் என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"மேஸ்திரி, சோலையோட ஆட்டுக்குட்டி பேரு வெள்ளச்சிதான?"

எனக்கே மறந்து போயிருந்தது. "ஆமா ஆத்தா," என்றேன்.

"நாங்க ரெண்டு பேரும் அதுக்கு வளையல் போட்டு விடுவோம். அவ நெனப்பு வராத நாளில்ல. எங் கல்யாணத்துக்கு நீங்க முன்னாடி வந்து நிக்கணும். அப்பா சொல்லிட்டாக."

அன்று மத்தியானம் எனக்கு மனசு சரியில்லை. அன்றைக்குக் கொட்ட வேண்டிய இரண்டு வண்டி மண்ணை மறுநாள் கொட்டினேன்.

அளக்கிற நாளில் அம்பலம் கரையிலேயே நின்றுகொண்டார். கையில் கோலும் இல்லை, செம்பும் இல்லை. மற்ற மூன்று சாட்சியின் பக்கம் கூடத் திரும்பவில்லை.

"இறங்கிப் பாக்கலையா?" என்று கேட்டேன். கேட்டது உண்மை, ஐயா. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்திருந்தால் போதும்.

"உங்கிட்ட குடுத்த வாக்க மீறவா? வெட்டு, சின்னக்கருப்பா," என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார்த்திகையில் ஊருணி நிறைந்தது. நான் கணக்குப் பார்த்ததற்கு ஒரு நாள் பிந்தித்தான் கலுங்கு தொட்டது, அதனால் பாதகமில்லை. காலையில் நல்ல வேளை பார்த்து ஊரே கரையில் கூடியது. புஷ்பவள்ளி மஞ்சள் பட்டு கட்டி, வெண்கலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். நான் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு முழ மூங்கில் கோல்.

"எங்குட்டு மேஸ்திரி?" என்று கேட்டாள்.

"நேரா நடங்க ஆத்தா. நாலு எட்டு. தரை இருக்கு."

முதல் இரண்டு எட்டில் தரை இருந்தது. மூன்றாவதில் முழங்கால்வரை புதைந்தாள். நான்காவதை அவள் எடுத்து வைக்கவில்லை, மேடை தானாகவே சரிந்தது. பட்டுச் சேலை தண்ணீரில் ஊறினால் என்ன கனம் கனக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். குடம் தனியாக மிதந்து போனது. எங்கள் ஊர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு, தண்ணீரும் சேறாகக் கலங்கிவிட்டது. அம்பலம் நீந்தத் தெரியாமலே குதித்தார். அவரை நான்கு பேர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் இரண்டு தடவை மேலே வந்தாள். இரண்டு தடவையும் என்னைத்தான் பார்த்தாள். நான் நின்ற படிக்கும் அவளுக்கும் நடுவே நாலு முழம் கூட இருக்காது. கோல் என் கையில்தான் இருந்தது. நீட்டவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்து முடித்துவிட்டு, அம்பலம் ஆள் மேல் சாய்ந்துகொண்டு என் குடிசைக்கு வந்தார். ஆத்திரத்தோடு வருகிறார் என்று எதிர்பார்த்தேன். காத்திருந்தேன் என்று கூடச் சொல்லலாம். அவர் பழையபடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னைய யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது சின்னக்கருப்பா. மண்ணு ஏமாத்திருச்சு. நான் எறங்கி அளந்திருக்கணும். அன்னைக்கும் எந் தப்பு, இன்னைக்கும் எந் தப்பு. உம் மகளையும் எம் மகளையும் நானே கொன்னுட்டேன்."

இப்போது சொல்லுங்கள். இதற்காகவா நான் பத்து மாதம் உழைத்தேன்? அவர் அழுகிறார், ஆனால் தண்டனை என்று தெரியாமலே அழுகிறார். ஊர் அவருக்காக அழுகிறது. எனக்காகவும் சேர்த்து அழுகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். அதுதான் வந்துவிட்டேன். நான் சொன்னது எல்லாவற்றையும் அவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்து ரைட்டர் வாசித்துக் காட்ட வேண்டும். உவர்மண் கொண்டுவந்ததையும், கோல் என் கையில் இருந்ததையும் விட்டுவிடாமல் வாசிக்க வேண்டும். அதன் பிறகு என்னைச் சிவகங்கைக்கு அனுப்பினாலும் சரி, தூக்கில் போட்டாலும் சரி.

என்ன கேட்டீர்கள்? கோடையில் எல்லாம் கருகிக் கிடந்தபோது அந்த ஒரு திட்டின் தலையில் மட்டும் புல் எப்படிப் பச்சையாக இருந்தது என்றா? நல்ல கேள்வி, ஐயா. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. காளியாயி கூடக் கேட்கவில்லை, அவள் மண்ணை நசுக்கிப் பார்த்ததோடு சரி.

தலைப்பாகைதான். நான்கு சாட்சியில் அந்த ஒன்றுக்கு மட்டும், ஒரே ஒரு சாண். ஊரில் எல்லாரும் செய்வதுதான். பத்தை பிடித்து நிற்க வேண்டும் என்று தினமும் காலையில் நானே தண்ணீர் தெளித்தேன். அம்பலம் வண்டியேறியபோது வானம் இருட்டியிருந்ததும் எனக்குத் தெரியும். ஒரு மழை விழுந்தால் ஓரத்துக் கோடு மறைந்துவிடும், செம்புத் தண்ணீருக்கும் தெரியாது என்று நினைத்து, நின்று அளந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லாமல் விட்டேன். இந்த இடத்தை மட்டும் அவருக்கு வாசிக்க வேண்டாம், வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.

நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டாம். அன்றைக்கு அவர் ஒரு நடை வந்து அந்தச் செம்பைக் கவிழ்த்திருந்தால் நான் வைத்த மண்ணைக் கண்டுபிடித்துக் காலால் எத்தித் தள்ளியிருப்பார், அதில் புல் இருந்திருக்காது, என் சோலை அங்கே போயிருக்க மாட்டாள். அவர் வரவில்லை, ஐயா. ரைட்டரை அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.